ஒரே கணினியில் நாலு பைதான், மூன்று ஜாவா: எதை எங்கே நிறுவுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர்களின் கணினிகளுக்கு இன்ஸ்டாலர் கட்டித் தருவது என் வேலை. ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருபவர்கள், மடிவாளாவில் பிஜியில் தங்கியிருப்பவர்கள் என்று எங்கள் தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. மதியச் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிலர் ரன்டைமை, அதாவது நிரல் ஓடத் தேவையான பைதான், ஜாவா போன்றவற்றை, நிறுவுகிறவர்கள், சிலர் தங்கள் மென்பொருளுக்கு இன்ஸ்டாலர் எழுதுகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கே நிறுவினால் என்ன? ஓடினால் போதாதா?

ஒன்றே ஒன்று இருக்கும்வரை போதும். இரண்டாவது வந்ததும்தான் தலைவலி. பெங்களூரில் 5வது கிராஸ் இல்லாத லேஅவுட் கிடையாது. ஆட்டோக்காரரிடம் "5வது கிராஸ்" என்று மட்டும் சொன்னால், அவருக்கு எது பக்கமோ அங்கே கொண்டுபோய் விடுவார். டெர்மினலில் வெறுமனே "பைதான்" என்று தட்டுவதும் அப்படித்தான். கணினிக்கு எது முதலில் கண்ணில் படுகிறதோ அது ஓடும். நீங்கள் நேற்று நிறுவியதுதான் ஓடுகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதனால் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பதிப்பைக் கொண்டுவந்து வைப்பது ஒன்று. "சும்மா பெயரைச் சொன்னால் இதுதான்" என்று கைகாட்டுவது இன்னொன்று. முதல் வேலையில் யாரும் யாரையும் இடிக்கக் கூடாது. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இன்ஸ்டாலர்களால்தான் எனக்குச் சனிக்கிழமையும் வேலை இருக்கிறது.

இடத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளலாமே? டிஃபால்ட்டுக்கு ஏன் இத்தனை யோசனை?

யாரும் மாற்றுவதில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ், அவ்வளவுதான். அது மட்டுமல்ல, அடுத்தவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகள் டிஃபால்ட் இடத்தை நம்பியே எழுதப்படுகின்றன. பைதான் 2.7 விண்டோஸில் சி டிரைவின் வாசலிலேயே பைதான்27 என்ற ஃபோல்டரில் உட்கார்ந்தது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஃபோல்டர் பெயரை நேரடியாக எழுதிவைத்த பேட்ச் ஃபைல்களை (கமாண்டுகளை வரிசையாக எழுதிய கோப்புகள்) நான் இன்னமும் பார்க்கிறேன். ஒருமுறை தேர்ந்தெடுத்த டிஃபால்ட்டை மாற்றுவது, வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போனபிறகு மண்டபத்தை மாற்றுவது மாதிரி.

ஃபோல்டர் பெயரில் பதிப்பு எண்ணை எதுவரை எழுதுவது? 3-ஆ, 3.11-ஆ, 3.11.4-ஆ?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். எந்த எண் மாறினால் பழைய நிரல் உடையுமோ, அந்த எண் வரை எழுதுங்கள். அதற்குமேல் ஒரு புள்ளிகூட வேண்டாம்.

பைதானில் 3.11-க்காகக் கம்பைல் செய்த சி நீட்சி (சி மொழியில் எழுதிப் பைதானோடு இணைக்கும் லைப்ரரி) பொதுவாக 3.12-இல் ஏறாது. ஆகவே 3.11-க்கும் 3.12-க்கும் தனித்தனி வீடு வேண்டும். ஆனால் 3.11.4-லிருந்து 3.11.5-க்குப் போவது பிழைத்திருத்தம் மட்டுமே. அது பழையதன் மேலேயே உட்காரலாம், உட்காரவும் வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் பைதான்311, பைதான்312 என்று ஃபோல்டர் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு புள்ளி அதிகமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா 8 நல்ல பாடம். அதன் ஜேடிகே (நிரல் எழுதுகிறவர்களுக்கான ஜாவா தொகுப்பு) ஃபோல்டர் பெயரில் அப்டேட் எண்ணும் சேர்ந்தே இருக்கும்: 1.8.0, பிறகு ஓர் அடிக்கோடு, பிறகு 181 என்பது போல. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் புது ஃபோல்டர். ஜாவா எங்கே இருக்கிறது என்று மற்ற கருவிகளுக்குச் சொல்லும் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறியில் பழைய பெயரை எழுதி வைத்தவர்களுக்கு என்ன நடக்கும்? பழையதை அழித்தால் பில்ட் நின்றுவிடும். அழிக்காமல் விட்டால் ஓட்டை உள்ள ஜாவாவே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 2023-இல் வந்த ஆரக்கிள் ஜேடிகே 21, வெறும் "ஜேடிகே-21" என்ற ஃபோல்டரில் உட்காருகிறது. பட்டபின் வந்த புத்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு புள்ளி குறைவாக எழுதினாலும் சிக்கல்தான். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் விண்டோஸ் இன்ஸ்டாலர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எண்ணே இல்லாத ஒரு ஃபோல்டரில் நிறுவுகிறது. அதனால் 20 வந்தால் 18 போய்விடும். ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. இரண்டு புராஜெக்ட் பார்ப்பவர்கள், பதிப்புகளை மாற்றித் தரும் பதிப்பு மேலாளரைத் தேடி ஓடுகிறார்கள்.

விண்டோஸில் எது நல்லது: சி டிரைவின் வாசலா, புரோகிராம் ஃபைல்ஸா, பயனர் ஃபோல்டரா?

வாசல் வேண்டவே வேண்டாம். சி டிரைவில் நேரடியாக உருவாக்கும் ஃபோல்டரில், விண்டோஸின் இயல்பான அனுமதிப்படி, அந்தக் கணினியில் நுழைந்த எந்தப் பயனரும் கோப்புகளை மாற்றலாம். பலர் பயன்படுத்தும் கணினியில், ஒருவர் அங்கே நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் டிஎல்எல் கோப்பு ஒன்றைப் போட்டுவைத்தால், அட்மின் பைதானை ஓட்டும்போது அதுவும் சேர்ந்து ஓடும். வீட்டுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது போன்ற ஏற்பாடு இது.

2015-இல் வந்த பைதான் 3.5 இதை மாற்றியது. அட்மின் அனுமதி கேட்காமல், பயனரின் ஆப் டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ், பைதான் என்ற வரிசையில் உள்ளே போய் நிறுவும். எல்லோருக்கும் சேர்த்து வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போகும். என் கருத்தும் இதேதான். ஒருவருக்கு மட்டும் என்றால் பயனர் ஃபோல்டர், எல்லோருக்கும் என்றால் புரோகிராம் ஃபைல்ஸ்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரே கணினியில் ஒரே பதிப்பை இரண்டு விதமாகவும் நிறுவாதீர்கள். ஹெல்ப் டெஸ்க்காரர் அட்மினாக ஒன்றைப் போட, நீங்கள் உங்கள் பெயரில் இன்னொன்றைப் போட, பேக்கேஜ் எதில் போனது என்று தேடியே ஒரு மதியம் போய்விடும்.

"புரோகிராம் ஃபைல்ஸ்" என்ற பெயரில் நடுவே இடைவெளி இருக்கிறதே, அது ஒரு பிரச்சினையா?

மேற்கோள் குறி போடாமல் எழுதிய ஸ்கிரிப்டுக்குப் பிரச்சினைதான். "சி டிரைவில் புரோகிராம் என்று ஒன்றும் இல்லையே" என்று அது திகைத்து நிற்கும். விண்டோஸ் சர்வீஸ்களின் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் பதிவது ஒரு பழைய பாதுகாப்பு ஓட்டையும்கூட. இருந்தாலும், இடைவெளிக்குப் பயந்து சி டிரைவின் வாசலுக்கு ஓடாதீர்கள். ஸ்கிரிப்டைத் திருத்துவதே சரி.

பயனர் ஃபோல்டரில் நிறுவினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் கணக்குத் தொடங்கும்போது இனிஷியலோடு பெயர் போடுவார்கள். "எஸ் முருகன்" என்று கொடுத்தால் லோக்கல் கணக்கின் ஃபோல்டர் பெயரிலும் அந்த இடைவெளி வந்துவிடும். இன்னும் சிலர் ஆசையாகத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பில்ட் கருவிகள் சில தமிழ் எழுத்து வந்த பாதையைப் பார்த்ததும் கவிழ்ந்துவிடும். நீங்கள் இன்ஸ்டாலர் எழுதுகிறவர் என்றால், சோதனைக் கணினியில் இப்படி ஒரு கணக்கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

இன்னொன்று, பாதையின் நீளம். விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்துகள். நீளமான நிறுவனப் பெயர், மென்பொருள் பெயர், பதிப்பு என்று நீங்களே நூறு எழுத்தைத் தின்றுவிட்டால், உள்ளே வரும் பேக்கேஜுகள் மூச்சுவிட இடம் இருக்காது.

32 பிட்டும் 64 பிட்டும் சேர்ந்து இருக்க முடியுமா?

முடியும். பெயரில் அதைச் சொல்லிவிட்டால் போதும். விண்டோஸ் 64 பிட்டில் 32 பிட் நிரல்களுக்கென்றே எக்ஸ்86 என்ற குறியோடு இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸ் இருக்கிறது. பயனர் ஃபோல்டரில் அந்தப் பிரிவு கிடையாது. அதனால்தான் பைதான் தன் 32 பிட் ஃபோல்டரின் வாலில் "-32" என்று ஒட்டிக்கொள்கிறது. டெபியன் லினக்ஸில் ஜாவா ஃபோல்டர் பெயரின் கடைசியிலும் ஏஎம்டி64 என்று பிராசஸர் வகை இருக்கும்.

லினக்ஸில் யூஎஸ்ஆர், யூஎஸ்ஆர் லோக்கல், ஆப்ட், ஹோம் என்று நாலு இடம் இருக்கிறதே. எது யாருக்கு?

யூஎஸ்ஆர் என்பது டிஸ்ட்ரிபியூஷனின், அதாவது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பின், சொந்த வீடு. மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட்-கெட், டிஎன்எஃப் போன்ற பேக்கேஜ் மேலாளர்கள் மட்டும்தான் அங்கே கை வைக்கலாம். யூஎஸ்ஆர் லோக்கல், அந்தக் கணினியின் நிர்வாகி தானாகக் கம்பைல் செய்து போடுவதற்கு. ஆப்ட் என்ற ஃபோல்டர் (ஆப்ட்-கெட்டோடு இதற்குச் சம்பந்தமில்லை) வெளியிலிருந்து மூட்டையாக வரும் மென்பொருளுக்கு. ஒவ்வொன்றும் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஹோம், உங்களுக்கு மட்டும். கோப்பு முறைமைப் படிநிலைத் தரத்தின் 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. இந்தப் பங்கீடு அதில் எழுத்திலேயே இருக்கிறது.

உங்கள் மென்பொருளுடன் ஒரு ரன்டைமையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் ஆப்ட்தான் சரி. யூஎஸ்ஆர் லோக்கலில் எல்லோரும் ஒரே பின் ஃபோல்டர், ஒரே லிப் ஃபோல்டரில் கலந்துவிடுவார்கள். பிறகு எதை யார் கொண்டுவந்தார் என்று பிரிக்க முடியாது.

பைதானைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்பவர்கள், மேக் இன்ஸ்டால் என்பதற்குப் பதிலாக மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று கொடுங்கள். அது பைதான்3.12 என்ற முழுப் பெயரை மட்டும் வைக்கும், பைதான்3 என்ற பொதுப்பெயரைத் தொடாது. வைப்பது வேறு, கைகாட்டுவது வேறு என்று மேலே சொன்னேனே, அது ஒரே கமாண்டில் அடங்கிவிட்டது.

லினக்ஸோடு வரும் சிஸ்டம் பைதான் பழையதாக இருக்கிறது. அதையே புதிதாக மாற்றிவிட்டால் என்ன?

நான் மாற்றியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சென்ட்ஓஎஸ் 7 சர்வர். அதில் "பைதான்" என்றால் 2.7. எனக்கு 3 வேண்டியிருந்தது. யூஎஸ்ஆர் பின்னுக்குள் இருந்த சிம்லிங்க்கை (வேறு கோப்பைக் கைகாட்டும் பெயர்) அழித்துவிட்டு 3-ஐக் காட்டும்படி வைத்தேன். என் ஸ்கிரிப்ட் அழகாக ஓடியது. அன்றைக்கு சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நேரம் நின்றபோதுகூட எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் இன்னொருவர் அதே சர்வரில் ஒரு பேக்கேஜ் போட யம் கமாண்டைக் கொடுத்திருக்கிறார். எழுந்திருக்கவே இல்லை, இலக்கணப் பிழை என்கிறது. யம் என்பதே பைதான் 2-இல் எழுதிய நிரல். அதன் முதல் வரி யூஎஸ்ஆர் பின்னில் உள்ள பைதானைத்தான் கூப்பிடும். பிழைகளைப் பிடிக்கும் வரியில் காற்புள்ளி போட்டு எழுதும் பழைய முறையை பைதான் 3 ஏற்காது. நான் மாற்றியது ஒரு சிம்லிங்க், உடைந்தது பேக்கேஜ் மேலாளர். சரிசெய்யப் புதிதாக எதையாவது நிறுவலாம் என்றாலும் யம்தான் வேண்டும். நல்லவேளை, பழைய பைதான் கோப்பு அப்படியே இருந்தது. சிம்லிங்க்கைத் திருப்பி வைத்ததும் உயிர் வந்தது. உபுண்டுவில் பைதான்3-ஐ இப்படித் திருப்பினால், சில பதிப்புகளில் டெர்மினல் ஜன்னலே திறக்காது.

சிஸ்டம் பைதான் உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல, சிஸ்டத்துக்காக வைக்கப்பட்டது. 2023-இல் வந்த டெபியன் 12-இல், பைதான் லைப்ரரிகளை நிறுவும் பிப் மூலம் சிஸ்டம் பைதானில் எதையாவது போடப் பார்த்தால், "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுத்துவிடும். பலர் அதைத் தாண்டிப்போகும் ஆப்ஷனைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஆப்ஷனின் பெயரிலேயே "உடை" என்ற சொல் இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன். மெய்நிகர் சூழல் ஒன்றை, அதாவது புராஜெக்டுக்கென்று தனிப் பைதான் ஃபோல்டரை, உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேக்கில்?

ஹோம்புரூ என்ற பேக்கேஜ் மேலாளர் இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கலில் இருந்தது. ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கான் வந்தபின் ஆப்ட் ஹோம்புரூ என்று தனி ஃபோல்டருக்குப் போனது. ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாக ஓடும் பழைய இன்டெல் கருவிகளும் புதியவையும் ஒரே கணினியில் இடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. யூஎஸ்ஆர் லோக்கல் என்று நேரடியாக எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் புது மேக்கில் விழுந்தன. ஹோம்புரூவிடமே "உன் முன்னொட்டு எது" என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜாவாவுக்கு மேக்கில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. எல்லா ஜேடிகேயும் லைப்ரரி ஃபோல்டருக்குள் ஜாவா வர்ச்சுவல் மெஷின்ஸ் என்ற ஒரே இடத்தில் இருக்கும். ஜாவா ஹோம் என்ற கருவியிடம் 17 வேண்டும் என்றால் அது பாதையைக் கொடுக்கும். மற்ற சிஸ்டங்களிலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

பாத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். ஆனாலும் தப்பானதுதான் ஓடுகிறது. ஏன்?

பாத் என்பது கணினி கமாண்டைத் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் வரிசை. முதலில் கிடைத்தது ஓடும், பின்னால் இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. விண்டோஸில் சிஸ்டம் பாத் முன்னால், பயனர் பாத் பின்னால். அட்மின் எல்லோருக்கும் போட்ட பைதான் சிஸ்டம் பாத்தில் இருந்தால், நீங்கள் உங்கள் பெயரில் எத்தனை முறை நிறுவினாலும் அதை முந்த முடியாது. பைதானே நிறுவாத விண்டோஸ் 10-இல் "பைதான்" என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறப்பதும் பாத்தில் இருக்கும் ஒரு பொய் நிழலால்தான். அமைப்புகளில் ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ் என்ற இடத்தில் அதை அணைக்கலாம்.

எது ஓடுகிறது என்று பார்க்க விண்டோஸில் வேர் (where), லினக்ஸிலும் மேக்கிலும் விச் ஏ (which -a) கமாண்ட். வரிசையில் உள்ள எல்லாவற்றையும் காட்டும்.

விண்டோஸில் நான் பாத்தையே நம்புவதில்லை. 2012-இல் பைதான் 3.3-உடன் வந்த பை என்ற சின்ன லாஞ்சர் இருக்கிறது. "பை -3.11" என்றால் 3.11, "பை -3.12" என்றால் 3.12. ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருப்பதைப் பார்த்துத் தேடும் என்பதால் பாத் எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை. இன்ஸ்டாலர் எழுதுகிறவர்களுக்கு: "பாத்தில் சேர்" என்ற பெட்டியை டிக் இல்லாமல் வையுங்கள். கேட்காமல் வரிசையில் முன்னால் போய் நிற்பது ரேஷன் கடையிலும் தப்பு, இங்கேயும் தப்பு.

என்விஎம் (நோட் ஜேஎஸ்ஸுக்கு), பைஎன்வ் (பைதானுக்கு) போன்ற பதிப்பு மேலாளர்கள் போதாதா?

டெவலப்பர் கணினிக்கு அவையே சிறந்தவை. ஹோம் ஃபோல்டருக்குள் வெர்ஷன்ஸ் என்று ஒன்று வைத்து ஒவ்வொரு பதிப்பையும் கடைசிப் புள்ளி வரையான முழுப் பதிப்பு எண்ணோடு அடுக்குகின்றன. கைகாட்டும் வேலையையும் அவையே பார்ப்பதால் முழு எண் அங்கே தொல்லை இல்லை. சர்வரில் மட்டும் கவனம். என்விஎம் உங்கள் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பின் வழியாக ஏறுவது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் அந்தக் கோப்பைப் படிக்காது. "கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரி கிரானில் ஓடவில்லை" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கிரானில் முழுப் பாதையை எழுதுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்கிறதே, அது எப்படி இடிக்காமல் இருக்கிறது?

வெளியே ஒரு வாசல், உள்ளே பதிப்பு வாரியாக அறைகள். வாசலில் இருக்கும் சின்ன நிரல், ஆப் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்து, அதே வரிசையில் புதிய திருத்தத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டும். 8.0-க்கு எழுதிய ஆப், திருத்தம் வந்ததும் தானாக அதில் ஓடும். ஜாவா 8-இல் பட்ட பாடு இங்கே இல்லை.

ஆனால் வாசல் ஒன்றாக இருந்தால்தான். 2022-இல் உபுண்டு 22.04 தன் களஞ்சியத்திலேயே டாட்நெட்டைக் கொடுக்கத் தொடங்கியது. அது யூஎஸ்ஆர் லிப் டாட்நெட்டில் நிறுவியது. மைக்ரோசாஃப்ட்டின் பேக்கேஜ் யூஎஸ்ஆர் ஷேர் டாட்நெட்டில். இரண்டும் கலந்துபோனவர்களுக்கு எஸ்டிகே (நிரல் எழுதும் கருவித் தொகுப்பு) கண்ணெதிரே இருந்தும் "எஸ்டிகே இல்லை" என்ற செய்தி வந்தது. தீர்வு: எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே இடத்திலிருந்து மட்டும் போடுவது.

மெய்நிகர் சூழல் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தலாமா?

வேண்டாம். பைதானின் வென்வ் உள்ளே முழுப் பாதைகளை எழுதி வைத்திருக்கும். தேவைப் பட்டியலை எடுத்துக்கொண்டு புது இடத்தில் புதிதாக உருவாக்குங்கள்.

நீக்கும்போது எதை விட்டுவைக்க வேண்டும்?

நீங்கள் வைத்ததை மட்டும் எடுங்கள். இரண்டு பதிப்புகள் பகிரும் அமைப்புக் கோப்பை 3.11-ஐ நீக்கும்போது அழித்தால் 3.12-க்கு அடி. பொதுப்பெயர் இன்னொரு பதிப்பைக் காட்டிக்கொண்டிருந்தால் அதையும் தொடாதீர்கள். காலியாகாத ஃபோல்டரை இழுத்து அழிக்கும் அன்இன்ஸ்டாலர்களை நான் பார்த்திருக்கிறேன். பயனர் அங்கே தன் ஸ்கிரிப்டை வைத்திருப்பார்.

எல்லாம் டாக்கரில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

பெரும்பாலும் இல்லை. டாக்கர் ஒரு நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்து இமேஜ் என்ற பெட்டியில் அடைத்து ஓட்டும் கருவி. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயும் ஒரு ஃபைல்சிஸ்டம் இருக்கிறது. டாக்கரின் அதிகாரப்பூர்வ பைதான் இமேஜ் டெபியன்மேல் கட்டப்பட்டது; அதன் பைதான் யூஎஸ்ஆர் லோக்கலில் இருக்கும். நீங்கள் ஆப்ட்-கெட் மூலம் ஒரு பைதான்3 லைப்ரரியைப் போட்டால், அதனோடு டெபியனின் சொந்தப் பைதானும் யூஎஸ்ஆர் பின்னில் வந்து உட்காரும், லைப்ரரி அதற்குத்தான் போய்ச்சேரும். உங்கள் நிரலோ யூஎஸ்ஆர் லோக்கலில் உள்ளதில் ஓடி, "மாட்யூல் இல்லை" என்று சொல்லும். போன வாரம்கூட ஒரு தம்பி இதற்காக இமேஜை ஆறு தடவை திரும்பக் கட்டினான். அந்த இமேஜில் பைதான் லைப்ரரிகளைப் பிப்பால் மட்டும் போடுங்கள், ஆப்ட்-கெட்டைச் சி லைப்ரரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.